தெளிந்த தண்ணீர்

தண்ணீர் தெளிந்திருந்தது. மலிகா அதை நம்பவில்லை.

கடலூரில் அந்தக் கழிவுநீர் ஆலையின் திக்கனர், ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ளே வைத்துவிடக்கூடிய வட்டத் தொட்டி. கலங்கல் தண்ணீர் நடுவில் வந்து விழும். சேறு அடியில் தங்கும். தெளிந்தது விளிம்பில் வழியும். அடியில் ஒரு இரும்புக் கை மெதுவாகச் சுற்றிச் சேற்றை நடுக்குழிக்குத் தள்ளும். அங்கிருந்து ஒரு குழாய் சுரங்கத்துக்கு இறங்கி பம்ப்புக்குப் போகும். தொட்டிக்கு நேர் கீழே, ஆள் குனிந்து போகிற சுரங்கம்.

அந்தக் குழாய்தான் ஒரு வாரமாக அடைத்துக் கிடந்தது. அடியில் சேறு ஏறி ஏறி, விளிம்பில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கலாகத்தான் வழிந்துகொண்டிருந்தது.

இன்று காலை சுரங்கத்தில் இறங்கிக் குழாயைக் கழற்றிக் குத்திவிடும் முறை அவள் கணவன் யாசருக்கு.

"கண்ணாடி மாதிரி இருக்கு பாத்தியா மலிகா? அடைப்ப எடுத்துட்டாரு உங்க வீட்டுக்காரரு," என்றார் மேனேஜர் சுப்பராயலு. போனில் படம் வேறு எடுத்துக்கொண்டார்.

மலிகா சேற்றின் பாரத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள். பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. தண்ணீர் வழிகிற சத்தமே இல்லை. விளிம்புக்கு ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. பார்க்கப் பார்க்க இன்னும் இறங்கியது.

பம்ப் போடுவது அவள் வேலை. இன்னும் அவள் போடவே இல்லை.

பம்ப் ஓடாமல் இவ்வளவு சேறும் எங்கே போகும்? போவதற்கு ஒரே இடம்தான் இருந்தது, கீழே சுரங்கம். அடைக்க வேண்டிய வால்வும் அதே இடத்தில்தான் இருந்தது.

சைரனை அழுத்திவிட்டு ஓடினாள்.

நேற்று சாயங்காலமே அண்ணன் அபுல் ஹசனுக்குப் போன் போட்டு அழுதாள். அவரும் இதே ஆலையில் பத்து வருஷமாக இருப்பவர். இந்த வாரம் மதிய ஷிப்ட், நேற்று மட்டும் லீவு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே நின்று கேட்டார். எங்க வீட்டுக்காரருக்கு இந்த வேலை புதுசு, எனக்குப் பயமா இருக்குண்ணே என்றாள். ஒண்ணும் ஆவாது புள்ள என்று வைத்துவிட்டார். இந்த ஆம்பிளைகளுக்கு எதுவுமே ஆகாதுதான் என்று அப்போது அவளுக்குக் கோபம்கூட வந்தது.

சுரங்கத்தில் இறங்குகிறவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு கம்பூட்ஸ் மாட்டிக்கொள்வது வழக்கம். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

யாசருடைய செருப்பு கறுப்பு. வார் அறுந்து ஊக்குக் குத்தியிருக்கும். யா அல்லாஹ், அந்த ஊக்கு என் கண்ணில் படக் கூடாது என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.

சுரங்கத்தின் படிகளைக் காணவில்லை. சேறு மேல்படி வரை ஏறிக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஒரு ஜோடி செருப்பு. பழுப்பு நிறம், புத்தம் புதுசு. விலைச் சீட்டைக்கூட உரிக்கவில்லை. ஊக்கு இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருவர். யாசர் இல்லை. அந்த யாரோவுக்காக அழ அவள் நெஞ்சில் அப்போது இடமே இல்லை.

பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம். யாசர்தான். காலில் ஊக்குக் குத்திய செருப்பு, கையில் இரண்டு டீ. சூடாகத் தளும்பி விரலெல்லாம் வழிவதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

"மச்சான் வெளிய வந்துட்டாரா? காலையிலேயே வந்து நிக்கிறாரு. நேத்து நீ போன்ல அழுதியாமே. நீ எறங்காத, போயி டீ வாங்கியான்னு என்ன அனுப்பிட்டாரு."

மலிகா ஒரு செருப்பைக் கையில் எடுத்தாள். சீட்டில் சிதம்பரத்துக் கடையின் பெயர் இருந்தது.

சொன்ன நன்றி இன்னும் அவள் நாக்கிலேயே இருந்தது.