அருவி நிலவரம்

துபாயில் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே குற்றால அருவிகளைப் பற்றி ஒரு இணையதளம் நடத்திவந்தான் ஹுஸைஃபா. எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் என்பதை குற்றாலத்துக்குப் பக்கத்து ஊரான வடகரையில் இருக்கும் மனைவி சனோபரிடம் தினமும் போனில் கேட்டு எழுதிவிடுவான். குற்றாலம் என்று தேடினால் முதலில் அவன் தளம்தான் வரும்.

திடீரென்று தேடுபொறிக்காரர்கள் அல்காரிதத்தை மாற்றினார்கள். நேரில் பார்த்து எழுதுகிறவர்களுக்கே இனி முதலிடமாம். ஹுஸைஃபா எட்டாம் பக்கத்துக்குப் போய்விட்டான். நேற்று முளைத்த 'சாரல்' என்ற தளம் முதலில் வந்து நின்றது.

"எந்தப் பயலுன்னு தெரியல. தெனமும் அருவிக்கே போய் போட்டோ எடுத்துப் போடுதான்" என்று சனோபரிடம் புலம்பினான்.

"பேசாம அவங்ககூட சேந்துக்கிடுங்க மச்சான்" என்றாள் அவள்.

இரண்டு நாள் ரோஷமாக இருந்து பார்த்தான். வருமானம் படுத்துவிட்டது. கடைசியில் ஆபீஸ் போனிலிருந்து அந்தத் தளத்தின் எண்ணைக் கூப்பிட்டான்.

"சார், நானும் குற்றாலத்தப் பத்தி எழுதுதவன்தான். உங்ககூட சேந்துக்கிடலாமா?"

"தாராளமா சேத்துக்கிடுதேன் மச்சான்" என்றது சனோபரின் குரல். "ஆனா நேர்ல பாத்துத்தான் எழுதணும். எப்ப ஊருக்கு வாறீங்க?"