சாமி அலமாரி

முந்தின நாள் தீப்பிடித்த வீட்டின் கரிச்சுவரைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள் கலைவாணி. பக்கத்தில் மாமியார் வீராயி சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தீ அணைந்ததிலிருந்து மாமியார் வாயே திறக்கவில்லை.

'திட்டித் தீர்த்தாலாவது தேவலையே!'

நேற்றுக் காலை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், சாமி அலமாரியில் விளக்கை எரியவிட்டே ஓடியிருந்தாள் கலைவாணி. தீ கிளம்பியதும் அந்த அலமாரிப் பக்கமிருந்துதான். விளக்கை விட்டுப்போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பொறுக்க முடியாமல், கரி அப்பிய விளக்கைக் கையில் எடுத்தாள்.

"அத்த, எல்லாம் என்னாலதான். இத அணைக்காம..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

திரியின் மேல் கருகிய சாமந்திப்பூ ஒன்று ஒட்டியிருந்தது. விளக்கை வாயால் ஊதாமல், பூ வைத்துக் குளிர வைப்பதுதான் அந்த வீட்டு வழக்கம்.

"நீ போனதுமே நான்தாம்மா குளிர வெச்சேன்" என்றாள் வீராயி.

"அப்புறம் ஏன் அத்த எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல?"

"அலமாரிக்குக் கீழ செல்போனச் சார்ஜுல போட்டுட்டு அரியாங்குப்பம் போனது நான்தானே! நீ திட்டுவியோன்னு பயந்துகிட்டுக் கெடக்குறேன்."

கலைவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எம்புள்ள ஊருலேருந்து வந்து கேட்டா என்னம்மா சொல்றது?"

"கரண்டு கோளாறுன்னு சொல்லிடலாம் அத்த. பொய்யில்லையே!"