மிஸ்ஸுக்குத் தெரியாது

"மிஸ், சங்கு நடக்குது!"

விக்கி போட்ட கூச்சலில் ஏழாம் வகுப்பு மொத்தமும் ஓடிவந்து மணலில் மண்டி போட்டது. ஊரூர் குப்பத்து மீனவர்கள் வலையை உதறிப் போட்டிருந்த இடத்தில், ஒரு சங்கு நிஜமாகவே நகர்ந்துகொண்டிருந்தது.

"உள்ள இன்னா மிஸ் கீது?"

"தெரியலையேடா," என்றாள் நீரஜா மிஸ். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

கல்யாணராமனுக்குச் சுருக்கென்றது. விலங்கியல் டீச்சருக்கு இதுகூடவா தெரியாது?

மகள் அனன்யாவின் வகுப்பு என்பதால், பெற்றோர் சார்பில் அவர் வந்திருந்தார். "இந்தக் கடற்கரை வகுப்பு தேவைதானான்னு நீங்களே பார்த்துட்டுச் சொல்லுங்க சார். வேண்டாம்னா இன்னியோட நிறுத்திடலாம்," என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

கல்யாணராமன் செல்போனை நீட்டிப் படம் எடுத்தார். அது உடனே பெயரைச் சொன்னது.

"துறவி நண்டு!" என்று முழங்கினார்.

"ஓ," என்றான் விக்கி. கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகு அந்த நண்டை யாரும் சீண்டவில்லை.

அடுத்து நட்சத்திர மீன். வெயில் ஏறிவிட்டதால் போன் திரை தெரியாமல் கல்யாணராமன் தடவிக்கொண்டிருந்தார்.

"மிஸ், இதுக்குக் கால் எங்கே?" என்றாள் பொன்மணி.

"தெரியலையே!" மிஸ் கடல் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, மீனை மெல்லத் திருப்பி வைத்தாள்.

"ஐயோ, அடியில பூரா காலு!"

"எல்லாம் தனித்தனியா அசையுதுடி!"

"ஏய், தானாவே புரளுது... புரண்டுடுச்சு!"

கைதட்டலில் காக்கைகள் பறந்தன. சீருடையெல்லாம் மணல். யாருக்கும் கவலையில்லை.

அதே வேகத்தில் விக்கி, கண்ணாடி மாதிரிக் கிடந்த ஜெல்லி மீனை எடுக்கப் போனான். மிஸ் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"அது மட்டும் வேணாம். கண்ணால பாரு."

எல்லாவற்றையும் பத்திரமாகக் கடலில் விட்டார்கள். மிஸ் வாளி அலம்பப் போனதும், கல்யாணராமன் மகளிடம் பொரிந்தார்.

"எதைக் கேட்டாலும் தெரியாதாம்! இதுக்கு ஒரு டீச்சரா? வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

அனன்யா பதறிப்போனாள். "ஐயோ அப்பா! மிஸ்ஸுக்கு எல்லாமே தெரியும்ப்பா!"

"உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லை, நாங்களே பார்த்துக் கண்டுபிடிச்சோம். நட்சத்திர மீனைத் தொடறதுக்கு முன்னாடி காஞ்ச கை அதுக்கு ஆகாதுன்னு கையை நனைச்சுண்டாங்களே, பார்க்கலையா நீ? ஜெல்லி மீன் கொட்டும்னு தெரியாமலா விக்கி கையைப் பிடிச்சாங்க?"

"அப்புறம் எதுக்குத் தெரியாதுன்னு..."

"அப்பதானே நாங்க கண்டுபிடிச்சு அவங்களுக்குச் சொல்ல முடியும்! எங்களுக்கு இது தெரியும்னு மிஸ்ஸுக்குத் தெரியாது. போட்டுக் குடுத்துடாதேப்பா, ப்ளீஸ்!"

கல்யாணராமனுக்கு யாரும் சீண்டாமல் போன அந்தத் துறவி நண்டு ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தலைமையாசிரியை.

"எப்படி சார், டீச்சர் நல்லா சொல்லித் தர்றாங்களா?"

ஏழாம் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தது.

கல்யாணராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டீச்சருக்கு ஒண்ணுமே தெரியலை மேடம். அதனால, மாசா மாசம் அவங்களையே பசங்களை இங்க கூட்டிண்டு வரச் சொல்லுங்கோ!"