மறு விசாரணை

"எவ்வளவு தூரத்துல நின்னு பாத்தீங்க? கெசக் கணக்குல சொல்லுங்க" என்று கேட்டான் மீரா உசேன்.

எதிரே நாற்பது சட்ட மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அன்று சாட்சியை விசாரிக்கும் பயிற்சி. மாணவன் மீரா உசேனுக்கு எதிரித் தரப்பு வக்கீல் வேஷம். பகலில் தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டில் வாதாடிவிட்டு, மாலையில் திருச்சிக்கு வந்து பாடம் நடத்தும் பஞ்சநாதன் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றார்.

மாணவர்களிடம் அவர் அதிகம் சொல்லவில்லை. இது நிஜமாக நடந்த வழக்கு, இந்த அம்மாதான் கண்ணால் கண்ட சாட்சி. அவ்வளவுதான்.

பூதலூருக்குத் தெற்கே, ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. குத்தகை நிலத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று மடையில் நின்ற தியாகுவை, மிராசுதாரின் ஆட்கள் இரண்டு பேர் வெட்டிச் சாய்த்தார்கள். தியாகு காளியம்மாளின் ஒரே மகன். நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"கெசம் எனக்குத் தெரியாதுங்க" என்றாள் இப்போது. "அன்னிக்கும் கெசத்துலதான் கேட்டாங்க. தெரியாதுன்னா பொய்சாட்சின்னுடுவாங்களோன்னு பயந்து, வாய்க்கு வந்தபடி இருநூறுன்னுட்டேன்."

அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரிய நியாயமில்லை என்று கோர்ட் முடிவு கட்டியது. இரண்டு பேரும் விடுதலையானார்கள்.

மீரா உசேன் அடுத்த கேள்விக்காகக் காகிதத்தைப் பார்த்தான். பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"சரிம்மா. உங்களுக்குத் தெரிஞ்ச கணக்குல சொல்லுங்க."

"நாத்து முடிச்சத் தூக்கி வீசுனா வந்து விழற தூரங்க. வெட்டுனவன் காதுல கடுக்கன் ஆடுனதுகூடத் தெரிஞ்சுது."



முன்வரிசையிலிருந்து கமலாம்பாள் என்ற மாணவி எழுந்தாள். "சார், குறுக்கு விசாரணை முடிஞ்சதும் அரசு வக்கீல் மறுபடி எழுந்து சாட்சிகிட்ட கேட்டிருக்கலாமே. இந்த ஒரு கேள்வி போதுமே."

"போதும்."

"ஏன் கேக்கல?"

பஞ்சநாதன் அவள் பக்கம் திரும்பவில்லை. காளியம்மாளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மணி நாலரை ஆயிடுச்சு. அவர் ரயிலைப் பிடிக்கணும். திருச்சியில சாயந்திரம் வகுப்பு இருந்துச்சு. மறு விசாரணை இல்லைன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லிட்டு, கேஸ் கட்டைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்."

அந்த அரசு வக்கீல் அவரேதான் என்று வகுப்புக்கு அப்போதுதான் புரிந்தது.

போன வாரம் பூதலூர் ரயில் ஸ்டேஷனில் அவரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, 'அன்னிக்கு உளறிக் கெடுத்துட்டேங்க, மன்னிச்சுக்குங்க' என்று சொன்னவள் காளியம்மாள்தான். அப்போது அவர், ஒரு நாள் வகுப்புக்கு வந்து போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்.

காளியம்மாள் திட்டினால் தேவலை என்றிருந்தது பஞ்சநாதனுக்கு.

"அப்ப எம் புள்ள கேசு என் வாயால கெடலீங்களா?"

"இல்லம்மா."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இத எங்க ஊருக்கு வந்து எம் மருமவகிட்ட சொல்லுவீங்களா அய்யா? ஒரே வீட்டுலதான் இருக்கோம். கேசு தோத்துப்போனதுலேருந்து அவ எங்கிட்ட பேசறதேயில்ல."