எதிர்த்தரப்பு வாதம்

அப்பா இறந்த செய்தி வந்ததும் மெர்லின் விடுதி அறையிலிருந்தே விடுப்புக்கு எழுதினாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் சாவுக்கு விடுப்பு என்றாலும் வாதக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். திருத்துவது இயந்திரம். கட்டுரை உடனே திரும்பி வந்தது: "எதிர்த்தரப்பு வாதம் இல்லை."

வேறு வழியில்லாமல், "அப்பா இறக்கவில்லை" என்று ஒரு பத்தி தொடங்கினாள். இயந்திரம் சான்று கேட்டது. காலையில்கூட அவர் போனில், "சாப்பிட்டியா மக்ளே?" என்று கேட்டதை எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்ததையும் சேர்த்தாள்.

"எதிர்த்தரப்பே வலுவாக உள்ளது. முடிவை மாற்றவும்."

மெர்லின் அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு போன் போட்டாள்.

"பொறப்பட்டாச்சா மக்ளே?" அம்மா அழுதாள்.

"அம்மா, நீ நல்லாப் பாத்தியா? அப்பா நெசமாவே போயிட்டாவளா?"