முதல் விருப்பம்

“எகனாமிக்ஸ்” என்றாள் அந்தப் பெண்.

மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தார். காதில் சரியாக விழவில்லையோ என்றிருந்தது.

கல்லூரிக் கலந்தாய்வு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அரங்கின் நடுவே வணிகவியல் மேசையைச் சுற்றி அப்பாக்களும் அம்மாக்களும் நெருக்கியடித்தார்கள். பொருளியல் மேசை கடைசி ஜன்னலோரம். காலையில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மதியத்துக்குமேல் வருவார்கள்.

வணிகவியல் நிரம்பியபின். கணினி நிரம்பியபின். ஆங்கிலமும் இல்லை என்றானபின். முகம் தொங்கிப்போய் வந்து நின்று, “இதாவது கிடைக்குமா மேடம்?” என்பார்கள்.

துறைத்தலைவராக இத்தனை வருடங்களில் அவர் கேட்டதெல்லாம் அந்த ‘இதாவது’தான்.

“காமர்ஸ் அங்க இருக்கும்மா” என்று கை காட்டினார்.

“தெரியும் மேடம். எனக்கு எகனாமிக்ஸ்தான் வேணும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவிப் பேராசிரியர் சகாயராஜ் அவளுடைய சான்றிதழ்களைப் பார்த்தார். பிறகு அவற்றை மரகதவல்லியின் பக்கம் நகர்த்தினார்.

கனிஷ்கா. தரவரிசையில் முதல் பெயர்.

அவளுக்குப் பின்னால் அவளுடைய அப்பா நின்றிருந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி வேன் ஓட்டுகிறவர். சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது.

“வீட்டுல பி.காம்னுதாங்க பேசிட்டு வந்தோம். உள்ள வந்ததும் நேரா இங்க வந்து நின்னுட்டா.”

அதற்குள் வணிகவியல் தலைவரே எழுந்து வந்துவிட்டார்.

“வழி தவறிட்டியாம்மா? ஃபர்ஸ்ட் ரேங்க் எங்ககிட்டதான வரணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மரகதவல்லிக்குப் பழகிப்போன சிரிப்பு.

ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்தப் பெண் அவருடைய துறைக்கு வந்துவிடுவாள். பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

திறந்த பேனாவை மூடினார்.

“இங்க பாரும்மா. பி.காம் படிச்சா வேலை சீக்கிரம் கிடைக்கும்னு சொல்லுவாங்க. அது பொய் இல்ல. நல்லா யோசிச்சியா?”

“யோசிச்சேன் மேடம்.”

“அப்புறம் ஏன் இது?”

கனிஷ்கா அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“எங்க ஊர்ல ஒரு சமயம் விலை போகலேன்னு தக்காளிய ரோட்டுல கொட்டிட்டுப் போவாங்க மேடம். அப்பா வேன் அது மேல ஏறித்தான் வரும். கொஞ்ச நாள்ல பார்த்தா, அதே ஊர்ல எங்கம்மா தக்காளி வாங்க முடியாம வெறும் புளிய ஊத்தி ரசம் வைப்பாங்க. வருசா வருசம் இதேதான். எல்லாருக்கும் தெரியுது. தெரிஞ்சும் ஏன் திரும்பத் திரும்ப நடக்குது? பிளஸ் டூ புக்குல ரெண்டு வரி போட்டிருந்தாங்க.”

மேசையை நோக்கி ஓரடி முன்னால் வந்தாள்.

“எனக்கு அது பத்தல மேடம்.”

மேலே மின்விசிறி கடகடத்தது.

வணிகவியல் தலைவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

அப்பா மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். தினமும் வேனில் தன் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் வந்தவள். அப்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே இதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாளா?

பிறகு மரகதவல்லியிடம் கேட்டார்.

“நீங்களும் இஷ்டப்பட்டுத்தான இதை எடுத்தீங்க மேடம்?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆமாம் என்றால் அப்பா ஒப்புக்கொண்டுவிடுவார்.

“எடுக்கறப்போ இல்லைங்க. கெமிஸ்ட்ரி கிடைக்கல, இது கிடைச்சுது. அழுதுகிட்டேதான் சேர்ந்தேன். படிக்கப் படிக்கத்தான் புடிச்சுப்போச்சு.” மரகதவல்லி அந்தப் பெண்ணைப் பார்த்தார். “உங்க பொண்ணுக்குப் படிக்கறதுக்கு முந்தியே புடிச்சிருக்கு. நான் இப்படி ஒருத்தரையும் பார்த்ததில்ல.”

அப்பா காலரைச் சரிசெய்துகொண்டார். முதுகும் சற்று நிமிர்ந்தது.

“அப்ப போட்டுக்குங்க மேடம். அவ கேட்டதையே போட்டுக்குங்க.”

மரகதவல்லி கையெழுத்துப் போட்டார். வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது.

“மேடம்,” என்றாள் கனிஷ்கா, “துணைப் பாடமா ஹிஸ்டரி இல்லேன்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கலாம்னு அப்ளிகேஷன்ல போட்டிருந்துச்சு. எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வேணும்.”

சகாயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாடத்திட்டத்தில் இரண்டும் உண்டுதான். ஆனால் கேட்க ஆளில்லாமல் வரலாறு மட்டுமே நடந்துவந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தத் துறையில் யாரும் புள்ளியியல் நடத்தி அவர் பார்த்ததில்லை.

“இருக்கு,” என்றார் மரகதவல்லி. “எடுத்துக்கோ.”

அப்பாவும் மகளும் படியிறங்கிப் போனார்கள். அப்பா ஏதோ கேட்க, அவள் கைகளை வீசி வீசி விளக்கிக்கொண்டே போனாள்.

“யாரு மேடம் நடத்துறது?” என்றார் சகாயராஜ்.

“நான்தான்.”

சகாயராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேநீர் கொண்டுவந்தவரிடம் சொன்னார். நாற்காலி எடுக்க வந்த தமிழ்த்துறைக்காரரிடம் சொன்னார். வணிகவியல் மேசைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்.

“ஃபர்ஸ்ட் ரேங்க் நம்மகிட்ட.”

மரகதவல்லி அவரை அடக்கவில்லை.

சாயங்காலம், கூட்டமெல்லாம் கலைந்தபின், அவர் நூலகத்துக்குப் போனார். புள்ளியியல் புத்தகங்கள் ஒதுக்குப்புறமான ஓர் அலமாரியில், மேல் தட்டில் இருந்தன. எக்கித்தான் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. முந்தானையால் அட்டையைத் துடைத்துவிட்டு எடுத்துவந்தார்.

நூலகர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“யாருக்கு மேடம்? ஸ்டூடன்ட்டுக்கா?”

“ஆமாங்க,” என்றார் மரகதவல்லி. “ஸ்டூடன்ட்டுக்குத்தான்.”

வாசலைத் தாண்டுவதற்குள் முதல் பக்கத்தைத் திறந்திருந்தார்.