ஒத்திகை

"இன்னைக்கு என்ன கிழமை? யோசிக்காம சொல்லணும்!"

வெர்னா கேட்டதும் ஹார்லன் திருதிருவென்று விழித்தார்.

"புதன்... இல்லை இல்லை, வியாழன். குப்பை வண்டி வர்ற நாள்."

"ம்ம். மறுபடி சொல்லு."

"வியாழன். குப்பை வண்டி வர்ற நாள்."

வெர்னா தலையாட்டினார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிரம்பைத் தொடாமலே பிள்ளைகளை நடுங்க வைத்த டீச்சரம்மா. இன்றும் தேய்த்த உடுப்பு, வாரிய தலை, கையில் அரசாங்கத் தாள். ஹார்லனோ கம்பளிச் சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருந்த முதியோர் இல்லத்துக்கு இந்த வருடம் மட்டும் மூன்று முறை சட்டம் மாறிவிட்டது. தீ எச்சரிக்கை மணி அடித்ததும் பதின்மூன்று நிமிடத்தில் வெளியேறத் தெரிந்தால் போதும் என்றார்கள் முதலில். பிறகு டாக்டர் கையெழுத்து என்றார்கள். இப்போது இன்ஸ்பெக்டரே நேரில் வந்து மூன்று கேள்வி கேட்கிறார். ஒன்று தப்பினாலும் முப்பது நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, நகரத்தில் கதவைப் பூட்டியே வைத்திருக்கும் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான்.

"எனக்குத் தலைகால் புரியலை, வெர்னா. ஒரு தாள் இருக்கச் சொல்லுது, இன்னொண்ணு போகச் சொல்லுது, மூணாவது முந்தின ரெண்டையும் பார்க்கச் சொல்லுது. போன மாசம் இங்கே இருந்த டெட் கிழமை தெரியாமத்தானே நகரத்துக்குப் போனார்?"

"புலம்பினது போதும். மணி அடிச்சா எந்தக் கதவு?"

"சமையலறைக் கதவு. கிரீச்சுன்னு கத்துமே, அது."

"எந்த மாசம்?"

"அக்டோபர். என் மனைவி பிறந்த மாசம்."

"சத்தமா!"

"அக்டோபர். என் மனைவி பிறந்த மாசம்!"

அவர் சொல்லச் சொல்ல வெர்னாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. பாடம் நடத்திய பழக்கம் விடவில்லை போலும். காலையிலிருந்து இதே மூன்று கேள்வி, இது ஆறாவது தடவை. எதற்கு என்றுதான் ஹார்லனுக்கு விளங்கவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. ஹார்லன் கண்ணாடி தேடுவதை விட்டுவிட்டு வாசலையே பார்த்து நின்றார்.

"மழையில நனைஞ்ச கோழி மாதிரி நிக்காதே," என்று அதட்டி, அவருடைய பொத்தானை வெர்னாவே சரியாகப் போட்டுவிட்டார்.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் இளம்பெண். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த இல்லத்தோட மேலாளர் யாரு?"

"நான்தாங்க," என்றார் ஹார்லன்.

"நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க, சார். நடுவுல பேசக் கூடாது. வெர்னாம்மா, ஆரம்பிக்கலாமா? இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன். குப்பை வண்டி வர்ற நாள்."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். "மணி அடிச்சா எந்தக் கதவு?"

"சமையலறைக் கதவு. கிரீச்சுன்னு கத்துமே, அது."

"சபாஷ்! கடைசிக் கேள்வி. இது எந்த மாசம்?"

ஹார்லன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"அக்டோபர்," என்றார் வெர்னா கம்பீரமாக. "என் மனைவி பிறந்த மாசம்."